மூளையை எங்கே வைப்பது? மைசூருவின் சாலைகளும் விளிம்புக் கணிமையும்

நகரப் பேருந்துகளுக்கு நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பை முழு அளவில் நிறுவிய முதல் இந்திய நகரம் என்ற பெயர் மைசூருவுக்கு உண்டு. கர்நாடக அரசுச் சாலைப் போக்குவரத்துக் கழகம் 2012இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 'மித்ரா' என்று பெயர். உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் துணை நின்ற நகரப் போக்குவரத்துத் திட்டத்தின் ஒரு பகுதி அது. 500 பேருந்துகளில் ஜி.பி.எஸ். கருவி, 105 நிறுத்தங்களிலும் 6 பேருந்து நிலையங்களிலும் பயணிகளுக்கான தகவல் பலகை, வண்டிக்குள் அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் குரல் அறிவிப்பு என்று விரிந்த ஏற்பாடு. பேருந்து தான் நிற்கும் இடத்தை ஜி.பி.ஆர்.எஸ். வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். அங்கே கணக்குப் போட்டு, சாமராஜா சர்க்கிளுக்கு வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று பலகைக்கு அனுப்புவார்கள்.

அதே 2012இன் பிற்பகுதியில்தான் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர்கள் இருவரும் 'அலெக்ஸ்நெட்' என்ற நரம்பு வலையை இமேஜ்நெட் போட்டிக்குக் கொண்டுவந்தார்கள். படத்தில் இருப்பது என்ன என்று சொல்வதில் இரண்டாம் இடம் பிடித்த முறை 26 சதவீதம் தவறியபோது, இவர்களுடையது 15 சதவீதமே தவறியது. ஆழக் கற்றல் என்று இன்று நாம் சொல்லும் துறை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்த தருணம் அது. மித்ராவின் கருவிகளுக்கு இதில் பங்கு ஏதும் இல்லை. அவை தாமாக எதையும் பார்க்கவில்லை, கற்கவில்லை; இருப்பிடத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன. சிந்திப்பது எல்லாம் நடுவில், ஒரே அறையில்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நடந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொன்னால், அந்த அறையில் இருந்த மூளையை எடுத்துத் தெருமுனைக் கம்பத்திலும் பேருந்தின் முன்கண்ணாடியிலும் மாட்ட முடிகிறது; இதற்குத்தான் விளிம்புக் கணிமை என்று பெயர். அப்படி மாட்டுவது எந்த வேலைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது, மைசூரு போன்ற நடுத்தர நகரம் எதற்குப் பணம் செலவிடலாம் என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. ஆய்விதழ்கள் இந்தக் கேள்விக்குத் தரும் வழக்கமான விடையில் எனக்குப் பாதி உடன்பாடுதான் உண்டு.

முதலில் கருவிகளின் கதை. அலெக்ஸ்நெட்டில் 6 கோடி எடைகள், அதாவது பயிற்சியின்போது திருத்தப்படும் எண்கள், இருந்தன. அதை ஓட்ட வலுவான வரைகலைச் சில்லு வேண்டும். கம்பத்தில் வைத்துச் சமாளிக்கக்கூடிய பொருள் அல்ல. பிறகு இரண்டு பக்கங்களிலிருந்து வேலை நடந்தது. ஒரு பக்கம் வலைகள் மெலிந்தன. ஒவ்வோர் எடையையும் 32 பிட்டுகளில் எழுதுவதற்குப் பதிலாக 8 பிட்டுகளில் எழுதினால் நினைவகத் தேவை நான்கில் ஒன்றாகிவிடுகிறது; துல்லியத்தில் இழப்பு பெரும்பாலும் சிறிதே. பயனற்ற இணைப்புகளை வெட்டித் தள்ளுவது, பெரிய வலையை ஆசிரியராக வைத்துச் சிறிய வலையைப் பயிற்றுவிப்பது ஆகிய உத்திகளும் சேர்ந்தன. 2015இல் வெளிவந்த 'யோலோ' ஒரு படத்தை ஒரே பார்வையில் ஓட்டி அதிலுள்ள வண்டிகளையும் ஆட்களையும் சட்டமிட்டுக் காட்டியது. 2017இல் கூகுள் வெளியிட்ட 'மொபைல்நெட்' கைப்பேசிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. மறுபக்கம் சில்லுகள் சிறுத்தன. 2019இல் என்விடியா விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஜெட்சன் நானோ' 99 டாலர் விலையில், 5 முதல் 10 வாட் மின்சாரத்தில் ஓடியது. ஒரு சாதாரண எல்.இ.டி. பல்புக்கு ஆகும் மின்சாரம்.

கணக்கிடும் இடத்தைப் பயன்படுத்துபவரின் அருகிலேயே வைக்க வேண்டும் என்ற சிந்தனை இதற்கும் முந்தியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் மகாதேவ் சத்தியநாராயணன் 2009இல் சக ஆய்வாளர்களுடன் எழுதிய 'கிளவுட்லெட்' கட்டுரைதான் இன்றைய விளிம்புக் கணிமைக்குக் கால்கோள் என்று பலரும் கருதுகிறார்கள். தொலைவில் உள்ள மேகக் கணினிக்குப் போய்த் திரும்புவதில் தாமதம் தவிர்க்க முடியாதது, ஆகவே பக்கத்திலேயே ஒரு சின்ன மேகம் வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

தாமதம் என்ற அந்தக் காரணத்தைத்தான் போக்குவரத்து பற்றிய விளிம்புக் கணிமைக் கட்டுரைகள் அநேகமாக முதல் பத்தியிலேயே எடுத்துச் சொல்கின்றன. ஓடும் வண்டிக்கு அது முழு உண்மை. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஆள் குறுக்கிடுவதைக் கண்ட கேமரா அந்தப் படத்தைத் தொலைதூரக் கணினிக்கு அனுப்பிப் பதில் வாங்க 200 மில்லிநொடி எடுத்தாலும் கார் ஐந்தரை மீட்டர் முன்னேறிவிடும். அந்த முடிவு வண்டிக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

சிக்னலுக்கு அப்படியல்ல. ஒரு சந்திப்பில் சிக்னலின் முழுச் சுற்று 120 நொடி என்றால், சயாஜிராவ் சாலைப் பக்கம் எத்தனை வண்டி காத்திருக்கிறது என்ற எண்ணிக்கை அரை நொடி தாமதமாக வந்தால் என்ன குடிமுழுகிவிடும்? பேருந்து வரும் நேரத்தைக் கணிப்பதற்கும் அப்படித்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் லலிதா தேவி வனஜாக்‌ஷியும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நம் ஊர்க் கலப்பு நெரிசலில் பேருந்தின் பயண நேரத்தைக் கால்மன் வடிகட்டி என்ற பழைய கணித முறையாலேயே கணிக்கலாம் என்று காட்டியது. அதற்கு நரம்பு வலையும் தேவைப்படவில்லை, தெருமுனைக் கணினியும் தேவைப்படவில்லை. வேண்டியிருந்தது ஒழுங்காக வேலை செய்யும் ஜி.பி.எஸ். கருவி.

அப்படியானால் கம்பத்தில் மூளை எதற்கு? தாமதத்தை விட்டுவிட்டு வேறு காரணங்களைப் பார்க்கலாம். முதலாவது, வீடியோவின் பருமன். முழு உயர்தெளிவுக் கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 43 ஜிகாபைட் ஆகிறது. 500 கேமராக்கள் உள்ள நகரத்தில் நொடிக்கு 2 ஜிகாபிட் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தாங்கும் கண்ணாடியிழைக் கம்பி, வாடகை, சேமிப்பு, இரவு பகலாக அதை மெல்லும் கணினிகள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கேமராவின் அருகிலேயே எண்ணி முடித்து, 'கிழக்கே 14 இருசக்கர வண்டி, 6 ஆட்டோ, 2 பேருந்து' என்ற ஒரு வரியை மட்டும் அனுப்பினால் சாதாரண கைப்பேசி இணைப்பே போதும். இரண்டாவது, இணைப்பு அறுந்தாலும் சந்திப்பு தன் வேலையைத் தொடரும். மூன்றாவது, அந்தரங்கம். எண்ணிக்கை மட்டும் வெளியேறி, படம் அங்கேயே அழிக்கப்பட்டால் யார் யாருடன் எங்கே போனார் என்ற தகவல் எந்தச் சேமிப்பிலும் தங்காது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்குத் தாராளமாக விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. சட்டம் தராத பாதுகாப்பைக் கருவியின் வடிவமைப்பு தர முடியும் என்பது எனக்கு மற்ற இரண்டு காரணங்களைவிடவும் பெரிதாகப் படுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியமாக வந்துபோகும்.

மூளை நடுவிலா, தெருமுனையிலா என்ற சோதனை உலகில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. சீனாவின் ஹாங்சோ நகரில் 2016 முதல் அலிபாபா நிறுவனம் அமைத்த 'சிட்டி பிரெயின்' நகரின் கேமராக்களின் கண்களை ஒரே இடத்தில் குவித்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் ஆய்வாளர்கள் 2012இல் ஒன்பது சந்திப்புகளில் தொடங்கிய 'சர்ட்ராக்' இதற்கு நேர் எதிர்: ஒவ்வொரு சந்திப்பும் தன் சிக்னலைத் தானே தீர்மானித்துக்கொண்டு, இத்தனை வண்டி உன் பக்கம் வருகிறது என்று அடுத்த சந்திப்புக்கு மட்டும் சொல்லி அனுப்பும். பயண நேரம் கால் பங்கு குறைந்தது என்று அவர்கள் பதிவு செய்தார்கள். இந்தியாவில் திருவனந்தபுரம் சி-டாக் மையம் உருவாக்கிய 'கோசிகோஸ்ட்' என்ற தகவமைப்புச் சிக்னல் முறை, பாதை பிரித்து ஓட்டாத நம் சாலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பெங்களூருவின் சந்திப்புகளில் அதைத்தான் நிறுவிவருகிறார்கள். மைசூருவின் அளவுக்கு பிட்ஸ்பர்க் வழி பொருத்தம் என்று நினைக்கிறேன். அரண்மனையைச் சுற்றிய கே.ஆர். சர்க்கிள், ஹார்டிஞ்ச் சர்க்கிள், இர்வின் சாலை போன்ற சந்திப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் தேங்கினால் அடுத்ததில் தெரியும். பக்கத்துச் சந்திப்புடன் பேசத் தெரிந்தாலே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும்.

இதில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் 100 ஸ்மார்ட் நகரங்கள் பட்டியலில் மைசூரு இடம்பெறவில்லை. தும்கூரு, தாவணகெரே, சிவமொக்கா எல்லாம் இருந்தன. அந்தத் திட்டத்தின் முத்திரைக் கட்டுமானமான ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் என்ற பெருமூளையை மைசூரு அந்த வழியில் பெறவில்லை. இழப்பு என்று பேசியவர்கள் உண்டு. இன்றைய கணக்கில் பார்த்தால், பழைய கட்டுமானத்துக்குக் கட்டுப்படாமல் தெருமுனையிலிருந்து தொடங்க அந்த ஊருக்கு ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது.

ஆனால் கம்பத்தில் எதை வைப்பது என்பதற்கு முன், வைக்கிற மூளைக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பது வருகிறது. மைசூருவைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி மறக்கும் ஒரு காட்சி உண்டு. 2017 ஜூலையில் இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த விஷால் சிக்கா, ஓட்டுநர் இல்லாத கோல்ஃப் வண்டியில் ஏறிச் செய்தியாளர் கூட்டத்துக்கு வந்தார். அந்த வண்டியை உருவாக்கியது அந்நிறுவனத்தின் மைசூரு பொறியியல் பிரிவு. வளாகத்தின் நேர்த்தியான பாதையில் ஓடிய அந்த வண்டியை மைசூருவின் ஹெப்பாள் தொழிற்பேட்டைச் சாலையில் விட்டிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது வேறு கதை. வளாகத்துக்குள் எதிர்த்திசையில் யாரும் ஸ்கூட்டர் ஓட்டிவருவதில்லை.

உலகெங்கும் வண்டிகளை இனங்காணும் வலைகள் பெரும்பாலும் முதலில் பயில்வது மைக்ரோசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'கோகோ' படத்தொகுப்பில்தான். அதில் 80 வகைப் பொருள்கள் உண்டு. கார், பேருந்து, லாரி, குதிரை, பசு எல்லாம் இருக்கின்றன; யானையும் இருக்கிறது. ஆட்டோரிக்‌ஷா இல்லை. ஆக, அந்த வலையை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் தசரா ஊர்வலத்தில் அம்பாரி சுமக்கும் யானையைச் சரியாகச் சொல்லிவிடும், பின்னால் வரிசை கட்டி நிற்கும் ஆட்டோக்களைக் கார் என்றோ லாரி என்றோ குழப்பிக்கொள்ளும். அரண்மனை வாசலில் இன்னமும் ஓடும் ஜட்கா வண்டியில் குதிரையையும் ஆட்களையும் மட்டும் கண்டுகொண்டு, வண்டியை என்னவென்று சொல்வது எனத் தெரியாமல் விழிக்கும்.

இந்தக் குறையை முதலில் ஈடுகட்ட முயன்றது ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் இன்டெல்லும் 2018இல் வெளியிட்ட இந்திய ஓட்டுநர் தரவுத்தொகுப்பு. ஐதராபாத், பெங்களூருச் சாலைகளில் ஓட்டி எடுத்த 10,004 படங்கள், 34 வகைகள். ஆட்டோவுக்குத் தனி வகை கிடைத்தது. அதைவிட நுட்பமான ஒன்றும் அதில் இருந்தது: தார்ச்சாலைக்கு வெளியே உள்ள மண் ஓரத்தை, 'தேவைப்பட்டால் வண்டி இறக்கி ஓட்டலாம்' என்ற தனிப் பிரிவாகக் குறித்தார்கள். ஐரோப்பியத் தொகுப்புகளில் அதற்குத் தேவையே எழவில்லை. அடுத்த பெரிய அடி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து 2025இல் வந்தது. நகரின் பாதுகாப்புக் கேமராக்கள் எடுத்த 26,646 படங்களில், நாடெங்கிலுமிருந்து சேர்ந்த கல்லூரி மாணவர்கள் வண்டி வண்டியாகச் சட்டமிட்டு 14 வகைகளாகப் பிரித்தார்கள். டெம்போ டிராவலரும் சிற்றுந்தும் இலகு சரக்கு வண்டியும் தனித்தனி. இந்தத் தரவில் பயின்ற வலைகள் கோகோவில் மட்டும் பயின்றவற்றைவிடத் தெளிவாக மேம்பட்டன. மைசூருவுக்கு 140 கிலோமீட்டர் தொலைவில் இது தயாராக இருக்கிறது. முதல் நாளே எடுத்துப் பயன்படுத்தலாம்.

பயன்படுத்தினாலும் பெங்களூரு மேம்பாலக் கேமராவின் உயரமும் கோணமும் வேறு, தேவராஜா மார்க்கெட் ஓரக் கம்பத்தின் உயரம் வேறு. மழை இரவில் முகப்பு விளக்கு ஈரத் தரையில் தெறிக்கும்போது ஒரு பைக் இரண்டாகத் தெரியும். தசராவின் பத்து நாட்களில் நெரிசலின் உருவமே மாறிவிடுகிறது. ஆய்வறிக்கைகளில் வரும் துல்லியச் சதவீதம், எந்தப் படங்களில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்த எண். அந்த ஊரில், அந்தக் கம்பத்தில், இரவிலும் மழையிலும் சோதித்த எண் இல்லாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது.

இந்தத் தொழில்நுட்பம் பெரிய அளவில் நம் சாலைகளுக்கு வந்ததோ, நெரிசலைக் குறைக்க அல்ல, அபராதம் விதிக்கத்தான். கேரளம் 2023 ஜூனில் 726 கேமராக்களை இயக்கத் தொடங்கியது. அவற்றில் 675 தலைக்கவசம், சீட் பெல்ட் போன்றவற்றைத் தாமாகவே கண்டறிபவை. மைசூருவுக்கு அது விரைவுச் சாலை வழியாக வந்தது. 2023 மார்ச் 12 அன்று மண்டியாவில் பிரதமர் திறந்துவைத்த சுமார் 118 கிலோமீட்டர் சாலையில் முதல் சில மாதங்களிலேயே உயிர்கள் சரமாரியாகப் போயின. ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டருக்கு அதன் பிரதானப் பாதையில் தடை வந்தது. பிறகு எண்தகடு படிக்கும் கேமராக்களும் வேகம் அளக்கும் ஏற்பாடும் வந்தன. 2024இல் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. இதில் கேமராவின் பங்கு எவ்வளவு, மெதுவான வண்டிகளை விலக்கியதன் பங்கு எவ்வளவு, காவல்துறை ரோந்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எல்லாம் அடுத்தடுத்து வந்தவை. பாராட்டு முழுவதையும் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுப்பவர்களிடம் இதைக் கேட்கலாம்.

அபராதக் கேமராவுக்கு ஒரு வசதி உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதிப்படி அந்தக் கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும், விதிமீறல் அறிவிப்பை 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அதாவது, அது பழுதாகிக் கிடந்தால் கேட்க ஆள் உண்டு, வருமானமும் நின்றுவிடும். வண்டியை எண்ணும் கேமராவுக்கும், பேருந்து வருவதைச் சொல்லும் பலகைக்கும் அப்படி எந்த விதியும் இல்லை. மித்ராவின் பலகைகள் பல பின்னாளில் இருண்டுபோனதை உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுதின. அங்கே தோற்றது தொழில்நுட்பம் அன்று. நிறுவப் பணம் வந்த அளவுக்குப் பராமரிக்கப் பணம் வருவதில்லை, அவ்வளவுதான். மூளையைக் கம்பத்துக்கு மாற்றும்போது இந்த நோய் பெருகும் என்பதைத்தான் நம் ஆய்வுக் கட்டுரைகள் பேசுவதே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு கணினி பழுதானால் குளிரூட்டிய அறைக்குள் மாற்றலாம். 300 கம்பங்களில் 300 பெட்டிகள் வெயிலில் வெந்து, மழையில் ஈரமாகி, மின்வெட்டில் தடுமாறி, கேமராக் கண்ணாடியில் புழுதி படிந்து நிற்கும்போது ஏணியோடு போக ஆள் வேண்டும். வலைக்குப் புதுப்பாடம் கற்றுத்தந்தால் 300 பெட்டியிலும் அது ஏறியதா என்று பார்க்க ஆள் வேண்டும். கருவி விலையைப் போல இரு மடங்குத் தொகையைப் பராமரிப்புக்கு ஒதுக்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட முடியாவிட்டால், சந்திப்புகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்வதே மேல்.

பேருந்தின் முன்கண்ணாடி இந்த விஷயத்தில் கம்பத்தைவிட நல்ல இடம். பேருந்து ஒவ்வோர் இரவும் பணிமனைக்குத் திரும்புகிறது. அங்கே மெக்கானிக் இருக்கிறார், மின்சாரம் இருக்கிறது, அன்றைய பதிவை வைஃபையில் இறக்கிக்கொள்ளலாம். நாக்பூரில் 2021இல் தொடங்கிய 'ஐராஸ்தே' திட்டம் இதைத்தான் செய்தது. இன்டெல், ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி., மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், நாக்பூர் மாநகராட்சி ஆகியவை சேர்ந்து நகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவி பொருத்தின. முன்னால் ஆள் வந்தால் ஓட்டுநருக்கு ஒலி எழுப்பும். அதோடு, எந்த இடத்தில் அடிக்கடி ஒலித்தது என்ற கணக்கு சேர்ந்துகொண்டே போகும். விபத்து நடப்பதற்கு முன்பே ஆபத்தான வளைவு வரைபடத்தில் தெரிந்துவிடும். மித்ராவில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திய பேருந்துகளின் முன்கண்ணாடியில் இந்தக் கருவியை வைத்தால், மைசூருவின் புறவட்டச் சாலையில் எங்கே வேகத்தடை வேண்டும், எங்கே விளக்கு வேண்டும் என்று ஓராண்டில் தெரிந்துவிடும். சிக்னல்களைவிட இதில் முதல் ரூபாயைப் போடுவேன்.

கடைசியாக, ஊருக்குத் தெற்கே. மைசூருவிலிருந்து குண்டல்பேட்டை வழியாகப் பந்திப்பூர் காட்டுக்குள் நுழையும் நெடுஞ்சாலைகளில் (ஒன்று வயநாட்டுக்கும் மற்றொன்று முதுமலை, ஊட்டிக்கும் போவது), விலங்குகள் அடிபடாமல் இருக்க, 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. கேரளம் அதை நீக்கச் சொல்லிக் கொண்டேயிருக்கிறது. இதற்கிடையே கோவைக்கு அருகே மதுக்கரையில், பாலக்காடு ரயில் பாதையோரம், தமிழ்நாடு வனத்துறை 2024 பிப்ரவரியில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. 7.24 கோடி ரூபாய்ச் செலவில் 12 கோபுரங்கள், 24 வெப்ப உணர் கேமராக்கள். தண்டவாளத்தை நெருங்கும் யானையை நள்ளிரவிலும் கண்டறிந்து கட்டுப்பாட்டு அறைக்கும் வனக் காவலர்களுக்கும் ரயில்வேக்கும் தகவல் தரும். அது வந்தபின் ஓராண்டு முழுவதும் அங்கே ஒரு யானைகூட ரயிலில் அடிபடவில்லை என்று வனத்துறை அறிவித்தது. ஆழக் கற்றல் இந்த மண்ணில் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பந்திப்பூரிலும் இப்படி வைத்துவிட்டு இரவில் சாலையைத் திறக்கலாமே என்ற யோசனை என்றாவது வரும். மதுக்கரையில் எச்சரிக்கை போய்ச் சேர வேண்டியது ஒரு ரயில் ஓட்டுநருக்கு. அவர் சிக்னலுக்குக் கட்டுப்பட்டவர், எப்போது வருவார் என்பது முன்கூட்டியே தெரியும். காட்டுச் சாலையில் அது நூற்றுக்கணக்கான லாரிக்காரர்களுக்குப் போக வேண்டும், அவர்கள் ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்கே குறுக்கிடுவதும் யானை மட்டும் அல்ல; மானும் முள்ளம்பன்றியும் சிறுத்தையும் புதரிலிருந்து ஒரே பாய்ச்சலில் வந்து விழும், கேமரா கண்டுகொண்டு சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கண்டறிதல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தத் தடைக்கு அது மாற்று ஆகாது. பகலில், வண்டிகள் ஓடும் பதினைந்து மணி நேரத்தில், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைக்குப் பின்னால் அதே கேமராக்களை வைத்தால் அவற்றுக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது.